நீலு பையாவின் ஷூ எனக்குப் பெரிது

தம்பி,

போனில் கூப்பிட்டால் "ம்" என்கிறாய், "சரிம்மா" என்கிறாய், "வச்சிடவா" என்கிறாய். இந்த மூன்றைக் கேட்பதற்காகவா உன்னை வளர்த்தேன் என்று வாய் வரைக்கும் வரும். கேட்காமல் நானே வைத்துவிடுகிறேன். வாட்ஸப்பில் நீளமாக எழுதினால் நீ பார்த்ததற்கு அடையாளம் விழுகிறது, பதில் விழுவதில்லை. அதனால்தான் பேனாவை எடுத்தேன். கடிதத்தைப் பாதியில் "வச்சிடவா" என்று கேட்க முடியாது பார். சென்னைக்குப் போய் இரண்டு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் தீவை மறந்து முழு மெயின்லேண்ட்காரன் ஆகிவிட்டான் என்று உன் அப்பா கேலி செய்கிறார். கேலி செய்த கையோடு உன் அறை விளக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு அணைக்கிறார். அவர் நலம். நானும் நலம் என்றுதான் எழுதுவேன், நீ நம்பவேண்டும் என்று கட்டாயமில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மட்டும் நீ கொஞ்சம் கூடுதலாகப் பேசினாய். "என்ன பிரயோஜனம்மா? யானைப் பசிக்குச் சோளப்பொரி. வேஷம் போட்டு ஆடினதுதான் மிச்சம். அந்தப் பெட்டியத் தூக்கிக் குப்பையில போட்டுடுங்க" என்றாய். கட்டிலுக்கடியில் இருக்கும் பெட்டியைத்தான் சொல்கிறாய். உன் நீலக் கவசம், தலைக்கவசம், முழங்கால் வரை வரும் ஷூ, எல்லாம் அதற்குள். நான் போடவில்லை. அதைக் குப்பையில் போடமுடியாதபடி ஒரு காரியம் நடந்துவிட்டது. நீ கிளம்பிப்போன அந்த வாரத்தில் நடந்தது. வார்டுக் குழந்தை ஜூமாவின் கப்பல் வந்த அன்று இங்கே ஹேடோ துறைமுகத்தில் உன் வாக்கு அநாதையாக நின்றது என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். அப்படி இல்லை. எப்படி என்று போனில் சொல்ல வரவில்லை.

முதலிலிருந்து சொல்கிறேன். எனக்கு எதையும் நடுவில் ஆரம்பிக்கத் தெரியாது.

உன் அம்மாவின் பிழைப்பு உனக்குத் தெரியும். மெயின்லேண்ட் கப்பலுக்கு டிக்கெட் கொடுக்கும் கவுன்டரில் உட்கார்ந்து, கொடுக்கிற டிக்கெட்டை விட "நஹி ஹை" என்பதை அதிகமாகக் கொடுத்த பிழைப்பு. பெங்காலி வந்தாலும் தெலுங்கர் வந்தாலும் நம் ராமநாதபுரத்து ஆளே வந்தாலும் அதே இந்தி, அதே "இல்லை". கப்பல் எப்போது வரும் என்று கேட்டால் "போல் நஹி சக்தே", சொல்ல முடியாது. பள்ளிக்கூடம் விட்டு நீ நேராக அங்கேதான் வருவாய். என் முதுகுக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து பழைய டிக்கெட் பாரங்களின் பின்பக்கத்தில் வாள் வீரர்களாக வரைவாய். அப்போதுதான் நீ அவர்களைப் பார்த்திருக்க வேண்டும். இங்கே பார்க்க முடியாது, மெயின்லேண்டுக்குக் கொண்டுபோங்கள் என்று டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டோடு, தோளில் பிள்ளையைச் சாய்த்துக்கொண்டு வரிசையில் நிற்பவர்களை. சென்னையில் எங்கே இறங்குவது, எங்கே தங்குவது, எதைத் தின்பது என்று ஒன்றும் தெரியாமல் என்னிடம் கேட்பார்கள். நான் டிக்கெட் பேசுகிறவள், எனக்கென்ன தெரியும்? நீ வரைவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பாய். பிள்ளை வேடிக்கை பார்க்கிறான் என்றுதான் நினைத்தேன்.

வளர்ந்த பிறகு அந்தக் கம்ப்யூட்டர் விளையாட்டுப் பைத்தியம் பிடித்தது. அதில் வருகிற நீலக் கவசக்காரனின் பெயர் இன்றுவரை என் வாயில் நுழைவதில்லை. அவனைப் போலவே உடுத்திக்கொள்ளவேண்டும் என்று நீ ஆரம்பித்தபோது, வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொள்கிறானே என்று தலையில் அடித்துக்கொண்டேன். உன் அப்பாவோ எனக்கு எதிர்க்கட்சி. துறைமுகத்தில் மெயின்லேண்ட் சரக்கு பிரிக்கிற இடத்தில் ஃபிரிட்ஜுக்கும் டிவிக்கும் அணை கொடுத்து வருகிற ஸ்பாஞ்சையெல்லாம் கேட்டு வாங்கி சைக்கிளில் கட்டிக்கொண்டு வருவார். வீடு முழுக்கப் பசை நாற்றம். குவார்ட்டர்ஸ் பெண்கள், "என்ன அக்கா, பையன் கூத்துக் கட்டப் போறானா?" என்று கேட்டார்கள். இருக்கும் என்றேன்.

நீயும் உன் கூட்டாளிகளும் அந்த வேஷங்களோடு ஆஸ்பத்திரிக் குழந்தைகள் வார்டுக்குப் போனீர்கள் என்று எனக்கு வெளி ஆள் சொல்லித்தான் தெரியும். பிறகு படம் வரைந்து கொடுக்க ஆரம்பித்தாய். கேட்டவர்களை அவரவருக்குப் பிடித்த வீரனாகவோ தேவதையாகவோ வரைந்து, வந்த பணத்தைச் சென்னைக்குப் போகும் குடும்பங்களின் அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் ஒதுக்கினீர்கள். அதுவும் போதாமல், பகல் முழுக்க உட்கார்ந்து விளையாடி அதை நேரலையில் உலகத்துக்குக் காட்டி, பார்க்கிறவர்களிடம் உதவி கேட்டீர்கள். படித்த பிள்ளை விளையாடிப் பிச்சை எடுக்கிறதா என்று நான் கத்தியதும் அந்த நேரலையில் போய்விட்டது. அதைக் கேட்டு எங்கேயோ இருக்கிற ஜனம் சிரித்துச் சிரித்துக் கூடுதலாகக் கொடுத்தது என்று நீ சொன்னாய். அன்று மழைக்கு நெட் போய்ப் போய் வந்தது. போகிறபோதெல்லாம் நீ நகத்தைக் கடித்துக்கொண்டு அந்தச் சுற்றுகிற வட்டத்தையே பார்த்தாய். கப்பலுக்குக் காத்திருக்கிற முகம் அது. எனக்கு நன்றாகத் தெரிந்த முகம்.

என்னையும் ஒரு படம் வரைந்தாய். தலையில் கிரீடம், ஒரு கையில் டிக்கெட் கட்டு, மறு கையில் கேடயம். கேடயத்தில் "நஹி ஹை" என்று எழுதியிருந்தது. பெற்றவளைக் கிண்டல் செய்கிறாயா என்று வாங்கி அலமாரியில் புடவைகளுக்கு அடியில் போட்டேன். இப்போது அதை வெளியே எடுத்து வைத்திருக்கிறேன், அவ்வளவுதான், வேறொன்றும் சொல்வதற்கில்லை.

ஜூமா உனக்கு அந்த வார்டில் கிடைத்தவள். வடக்கே தூரத்தில் திக்லிபூரில் நெல்லும் பாக்கும் போட்டுப் பிழைக்கிற பெங்காலிக் குடும்பத்துப் பெண், ஒன்பது வயது, ரத்தத்தில் புற்று. தாய் இல்லை, அப்பாதான் எல்லாம். உன் கவசத்தைப் பார்த்து "நீலு பையா" என்று பெயர் வைத்தவள் அவள்தான். நீல அண்ணன். அவளைச் சென்னைக்கு அனுப்பியபோது நீ கவசத்தோடு போய்க் கையசைத்தாய். அவள் கப்பல் படிக்கட்டில் நின்றுகொண்டு, திரும்பி வரும்போது இங்கேயே நிற்கவேண்டும் என்று கேட்டாள். நீ நெஞ்சில் கை வைத்து, நிற்பேன் என்றாய். நானும் பக்கத்தில்தான் இருந்தேன். கப்பலை வைத்து வாக்குக் கொடுக்கிற பிழையைத் தீவில் பிறந்தவர்கள் மட்டும்தான் செய்வோம். கப்பல் சொன்ன நாளில் வராது என்று நம் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும், கல்யாணத்துக்கு நாள் குறிப்பதும் கப்பலை வைத்துத்தான், துக்கத்துக்கு ஆள் எதிர்பார்ப்பதும் கப்பலை வைத்துத்தான்.

அப்புறம் ஜூமாவின் அப்பா சென்னையிலிருந்து போன் செய்து, கிளம்புகிறோம் என்று மட்டும் சொன்னார். குணமாகி வருகிறாள் என்று நீ நினைத்துக்கொண்டாய். நானும் அப்படியே நினைத்தேன். அதே வாரம் உனக்கு வேலையில் சேர நாள் வந்தது. கப்பல் வரவேண்டிய நாளுக்கு மறுநாள் உன் விமானம். நீ என்னிடம் வந்து கேட்டாய்: "அம்மா, கம்பெனில ஒரு வாரம் தள்ளிக் கேக்கவா? கப்பல் சொன்ன நாள்ல வருமா?"

தம்பி, ஊருக்கெல்லாம் "சொல்ல முடியாது" என்று சொன்ன வாய் இது. உன்னிடம் மட்டும், "வரும், நீ கிளம்பு" என்றது. வானம் தெளிவாக இருந்தது என்பது ஒரு சாக்கு. நீ அந்த வேலைக்காக எவ்வளவு நாள் காத்திருந்தாய் என்று எனக்குத் தெரியும். சேருவதற்கு முன்பே தள்ளிக் கேட்டு அது கைநழுவிப் போய்விடுமோ என்று பயந்தேன். என் பிள்ளை விஷயத்தில் மட்டும் கப்பல் சொன்னபடி கேட்கும் என்று எப்படி நம்பினேன் என்று எனக்கே விளங்கவில்லை. அன்று சாயங்காலமே கடலில் காற்று கிளம்பிவிட்டது, சென்னையில் கப்பலைப் பிடித்து நிறுத்திவிட்டார்கள். அது புறப்பட்டு நடுக்கடலில் இருந்தபோது நீ அதற்கு மேலே பறந்துபோனாய். ஏர்போர்ட்டில் கவசப் பெட்டியை என் கையில் கொடுத்துவிட்டு, "அவகிட்ட எதாவது சொல்லிடுங்கம்மா" என்றாய். எதாவது என்றால் என்ன?

கப்பல் வருகிற காலையில் உன் அப்பாவிடம், நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள் என்று கெஞ்சிப் பார்த்தேன். தொந்திக்கு மேல் கவசம் ஏறவில்லை. அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். எனக்கு இடுப்பு வலி, ஐம்பத்தாறு வயது, பேத்தி எடுக்கவேண்டிய காலத்தில் பேய்க்கோலம். ஆனாலும் அவர் பின்னால் நின்று பட்டையெல்லாம் இறுக்கி ஒட்டினார், நான் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். உன் ஷூவுக்குள் பழைய பாவாடைத் துணியைத் திணித்தும் என் கால் உள்ளே நீந்தியது. துறைமுக வாசலில் காவல்காரர் தலைக்கவசத்தைக் கழற்றச் சொன்னார். கழற்றினேன். நரைத்த தலையும் குங்குமப் பொட்டுமாக உள்ளே என்னைப் பார்த்து அந்த மனிதர் பயந்துவிட்டார். என் ஆபீஸ் பாஸைக் காட்டி விஷயத்தைச் சொன்னதும் சிரிக்காமல் விட்டார். சிரித்திருந்தால் அப்படியே வீட்டுக்குத் திரும்பியிருப்பேன்.

உள்ளே மூச்சு முட்டுகிறது, தம்பி. இதைப் போட்டுக்கொண்டா வெயிலில் நின்றாய்? கண்ணாடியில் ஆவி படிந்து பாதிதான் தெரிந்தது. தலைமேல் மூட்டைகளோடு ஜனம் இறங்கி முடிகிற நேரத்தில் ஜூமாவை அவள் அப்பா தூக்கிக்கொண்டு வந்தார். குணமான பிள்ளையை ஒன்பது வயதில் யாரும் தூக்கிக்கொண்டு இறங்குவதில்லை. அதைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது, ஆனால் கையை அசைக்க ஆரம்பித்துவிட்டேன், நிறுத்த முடியவில்லை. நீ அசைக்கிற மாதிரியே, தோளிலிருந்து பெரிதாக. அவர் என்னை நீ என்றே நினைத்துவிட்டார். குழந்தையைப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, என்னைக் கொஞ்சம் தள்ளி அழைத்துப்போய், தலைக்கவசத்தோடு காதை ஒட்டி இந்தியில் சொன்னார். "பேட்டா, இனிமேல் செய்ய ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அவளுக்குத் தெரியாது. குணமாகிவிட்டது என்று சொல்லியிருக்கிறேன். நீயும் அப்படியே இரு." என்னால் குரல் கொடுக்க முடியாது. கொடுத்தால் வேஷம் கலைந்துவிடும். தலையை மட்டும் ஆட்டினேன்.

அவர் மூட்டை எடுக்கப் போனார். நான் ஜூமாவுக்கு எதிரில் மண்டிபோட்டேன். முடியில்லாத தலையில் துண்டு கட்டியிருந்தாள். என்னை நன்றாகப் பார்த்தாள், உன் உயரம் என்னிடம் எங்கே இருக்கிறது? கழுத்தைக் கட்டிக்கொள்கிற மாதிரி சாய்ந்து, தலைக்கவசத்தின் ஓட்டையில் வாய் வைத்து ரகசியமாகச் சொன்னாள். "நீங்க நீலு பையா இல்லை. பாபாகிட்டச் சொல்லாதீங்க. எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு அவர் நினைச்சுட்டு இருக்கார்."

அவள் இந்தியில் சொன்னதைத் தமிழில் இன்னொரு முறை எழுதிப் பார்க்கிறேன். எனக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். எதைச் சொன்னாள்? வேஷத்தையா, வியாதியையா? இரண்டையும்தான் என்று எனக்குப் படுகிறது. அப்பாவின் ரகசியத்தை நான் மகளிடம் சொல்ல முடியாது, மகளின் ரகசியத்தை அப்பாவிடம் சொல்ல முடியாது. இரண்டையும் வாங்கிக்கொண்டு அந்த ஸ்பாஞ்சுக்குள் நின்று அழுதேன். வெளியே யாருக்கும் தெரியவில்லை. அதற்கு மட்டும் அந்த வேஷம் நன்றாக உதவியது.

அன்று அவர்கள் ஊருக்குள் உறவுக்காரர் வீட்டில் தங்கினார்கள். மறுநாள் காலை திக்லிபூர் பஸ் ஏறுமுன் இட்லி கட்டிக்கொண்டு, புடவையில், உன் அம்மாவாகப் போனேன். அவள் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, உங்கள் பையன் வாக்குத் தவறவில்லை, எங்கே அவன் என்றார். இன்று காலை விமானத்தில் சென்னைக்குப் போய்விட்டான், வேலை கிடைத்திருக்கிறது என்று பொய் சொன்னேன். ஜூமா ஜன்னலோரம் உட்கார்ந்து என் கால் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நிமிர்ந்து, "ஆன்ட்டி, நீலு பையாகிட்டச் சொல்லுங்க, அவர் ஷூ ரொம்பப் பெரிசு. விழுந்துடப் போறார்" என்றாள். அவள் அப்பா சிரித்தார். அவளும் சிரித்தாள். எனக்காகப் பொய்யில் பங்கு போட்டுக்கொண்டாள் அந்தக் குழந்தை.

அவளைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று மட்டும் அன்று போனில் உனக்குச் சொன்னேன். மீதியைச் சொல்லவில்லை. சொன்னால் நீ எல்லாவற்றையும் போட்டுவிட்டு வந்துவிடுவாய் என்று பயம், வராமலே இருந்துவிடுவாயோ என்று அதைவிடப் பயம். நீ வாயை மூடிக்கொண்டாய். கூட்டாளிகளுக்கும் பதில் சொல்வதில்லையாம். இந்த வருஷம் வார்டுக்கு யார் போவது, நேரலை உண்டா இல்லையா என்று அவர்கள் வீட்டுக்கு வந்து கேட்டார்கள். டீ போட்டுக் கொடுத்து அனுப்பினேன்.

என்ன பிரயோஜனம் என்று கேட்டாயே. உன்னைவிடப் படிப்பில் குறைந்தவள் நான், நீயே கண்டுபிடிக்காததை நான் எங்கே கண்டுபிடிக்க? நீ விளையாடியும் வரைந்தும் சேர்த்தது அவளை மெயின்லேண்டில் ஒரு கூரைக்குக் கீழே வைத்திருந்தது, அவ்வளவுதான் செய்தது. பிழைக்க வைக்கவில்லை. கவுன்டரில் இடமில்லை என்று சொன்ன பிறகும் சிலர் நகராமல் நிற்பார்கள். எனக்கு அவர்களை என்ன செய்வதென்று தெரியாது. என் பாட்டில் தண்ணீரை நீட்டுவேன். தண்ணீர் டிக்கெட் ஆகாது என்று அவர்களுக்கும் தெரியும், வாங்கிக் குடித்துவிட்டுத்தான் போவார்கள். இதில் என்ன பாடம் என்று கேட்காதே. இப்படித்தான் நடக்கிறது என்று சொல்கிறேன். உனக்குப் புத்தி சொல்ல உட்கார்ந்தால், வாக்குக் கொடுக்கும்போது நாள் குறிக்காதே என்று ஒன்றுதான் வருகிறது. அதையும் "வரும்" என்று சொன்னவள் சொல்லக்கூடாது.

ஜூமாவின் அப்பா வாரம் ஒருமுறை போன் செய்கிறார். சாப்பாடு குறைந்துவிட்டது என்கிறார், தூக்கம் கூடிவிட்டது என்கிறார். கடைசியில், "பையா கப் ஆயேகா, பூச் ரஹி ஹை" என்கிறார். அண்ணன் எப்போது வருவான் என்று கேட்கிறாளாம். நான் பழக்க தோஷத்தில், "அடுத்த கப்பலில்" என்றுவிட்டேன். அவள் கேட்பது உன்னையா, அப்பாவின் சந்தோஷத்துக்காகச் சும்மா கேட்கிறாளா, அதுவும் எனக்குத் தெரியாது. அதுவரை இருப்பாளா என்று நான் அவரைக் கேட்கவில்லை. கேட்டால் அவர் பதில் சொல்லவேண்டி வரும்.

இதை இன்று ஸ்பீட் போஸ்டில் போடுகிறேன். அடுத்த மாதத்தின் முதல் சனிக்கிழமை விடியற்காலை திக்லிபூர் பஸ்ஸில் இரண்டு இடம் சொல்லியிருக்கிறேன். பாதி வழியில் இருக்கிற ரங்கத் வரைக்குமே இடுப்பு தாங்குமா என்று உன் அப்பா கேட்கிறார், அது என் பாடு. இரண்டாவது இடம் உனக்கு என்று நான் சொல்லவில்லை. உனக்கு லீவு கிடைக்குமா, மனசு வருமா, வந்து அவளைப் பார்க்கத் தெம்பு இருக்குமா, ஒன்றும் எனக்குச் சொல்ல முடியாது. வந்தால் நீ போட்டுக்கொள். வராவிட்டால் அந்த இடத்தில் பெட்டி உட்கார்ந்து வரும், அங்கே போய் நான் போட்டுக்கொள்கிறேன். ஷூவுக்குள் இன்னும் கொஞ்சம் துணி வைத்துத் தைத்திருக்கிறேன், இப்போது முன்போல் நழுவவில்லை. அவள் கண்டுபிடித்துவிடுவாள். ஆனால் அப்பாவிடம் சொல்லமாட்டாள்.

அம்மா